பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்

லேசர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் என்ன செய்கிறோம் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. கஷ்டம் என்னவென்றால், மூன்றாவது வருடத்துக்கு மேல் நமக்கும் அது சரியாகத் தெரியாமல் போய்விடும்.

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஐந்து வருடமும் சில மாதங்களும் நான் ஆய்வு மாணவியாக இருந்தேன். கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சாயத்தை மெல்லிய ஃபிலிமாகப் பூச வேண்டும். அதை லேசரால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டு வாங்கிய மூலக்கூறுகள் அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்கின்றன, எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று பார்க்க வேண்டும். முதல் ஒளித்துடிப்பு தட்டும். கொஞ்சம் பின்னால் வரும் இரண்டாவது துடிப்பு நிலவரத்தைப் பார்த்துவிட்டு வரும். ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டுக்குப் பிகோ நொடி என்று பெயர். எங்கள் சாயத்தின் கதை அந்த ஒரு துண்டுக்குள்ளேயே பாதி முடிந்துவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். வாசகர்களில் யாராவது ஒரு மிஷினுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்கள் தூரத்தில் இருந்தபடியே பரிதாபப்பட்டால் போதும்.

முடி எடுக்கும் மிஷின்

எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆய்வுக்கூடத்தில் இங்கிலீஷ். மூன்றிலும் என் வேலையை விளக்கிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். முதல் தோல்வி புத்தூரில் பஸ் மாறி ஏறியபோது நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, என் மடியிலிருந்த கண்ணாடித் துண்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா படிக்கிற?" என்று கேட்டார். அப்போது நான் புதிது. உற்சாகத்தில் இருந்தேன். லேசரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, மூலக்கூறு, ஒளித்துடிப்பு, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று ரேணிகுண்டா வரைக்கும் பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். அவருடைய நாத்தனார் மகள் சென்னையில் லேசரால் முகத்து முடியை எடுத்துக்கொண்டாளாம். அதுவரை நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார். திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமான கவலையோடு சொன்னார்: "திருப்பதில முடி எடுக்கவும் லேசர் வந்துட்சா? அப்போ மேல மொட்டை அடிச்சிக்கினு இருக்கிறவங்க பொழப்பு இன்னா ஆவறது?"

காலி டப்பா

எங்கள் சாயம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆர்டர் போட்டு ஆறு மாதம் காத்திருந்தோம். வருவது எவ்வளவு? நூறு மில்லிகிராம். பழுப்பு நிறக் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவே நூற்றுக்கணக்கான ஃபிலிம்களுக்குப் போதும். அவ்வளவு மெல்லிசாகப் பூசுவோம்.

ஒருநாள் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவிடமிருந்து போன் வந்தது. அவர் சத்தியவேடுப் பக்கத்துத் தமிழர், அறுபதை நெருங்கியவர், என்மேல் தனிப் பாசம் உள்ளவர். நம்ம ஊர்ப் பெண் ஏமாந்துவிடக் கூடாது என்று குப்பியை அவரே பிரித்திருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறார். மேஜைமேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். ஒன்றும் விழவில்லை. உடனே 'காலி' என்று எழுதி, ஒட்டி, அன்றைக்கே வந்த கூரியர்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் படியில் விழுந்தடித்து ஓடி வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த குப்பிக்கு இன்னும் ஆறு மாதம் என்று நினைத்ததும், வாசலில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார்: "டப்பாதான் வந்துச்சி மா, சரக்கு வர்ல. இந்தக் காலத்துல எல்லாரும் ஏமாத்திக்கினு இருக்கானுங்க, நீ சின்னப் பொண்ணு, உனுக்குத் தெரியாது."

ஏழு அலைகள்

லேசர் அறை எப்போதும் இருபத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் மேஜைமேல் இருக்கும் கண்ணாடிகள் துளி நகரும். அந்தத் துளி எங்களுக்குப் பெரிய தூரம். சிக்னல் முழுக்க இரைச்சலாகி, திரையில் வரும் கோடு கிறுக்கலாகிவிடும். இது திருப்பதி. சித்திரை மாதத்தில் இருபத்திரண்டு டிகிரி வேண்டும் என்று கேட்பது அநியாயம்தான்.

இரண்டாவது வருடம் ஒருநாள், எங்கள் வரைபடக் கோட்டின் மேல் அழகான ஏழு அலைகள் வந்தன. சம இடைவெளி. மறுநாளும் அதே இடத்தில் ஏழு. மூன்றாம் நாளும் ஏழு. தட்டு வாங்கிய மூலக்கூறு கூட்டாக அதிர்கிறது, அதைப் பிடித்துவிட்டோம் என்று எங்கள் சார் கரும்பலகையில் படம் போட்டார். சார் என்றால் என் ஆய்வு வழிகாட்டி, தெலுங்கர். என்னோடு தெலுங்கில்தான் பேசுவார், வசதிக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னுடன் ஆய்வு செய்த சுரேந்திராவும் தெலுங்கன்தான்; அவன் இனிப்பு வாங்கி வந்தான். அந்த இனிப்பைக் கொடுக்கத்தான் எலக்ட்ரீஷியன் முனிரத்தினத்தைக் கூப்பிட்டோம். அவர் நகரிக்காரர், எங்கள் கட்டடத்து ஏசிகள் எல்லாம் அவர் பொறுப்பு. இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். இது ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நாற்பத்திரண்டு நிமிடம் என்றேன். விரல் விட்டு எண்ணினார். வெளியே போய்ச் சுவரோரம் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

காலையில் வந்து ஏசியைப் போட்ட கையோடு ஸ்கேனை ஆரம்பிப்பது எங்கள் வழக்கம். ஏசியின் கம்ப்ரஸர் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஓடியது. அறை சூடாகிக் குளிர்ந்தது, கண்ணாடிகள் அசைந்தன, கோடு ஏறி இறங்கியது. தினமும் ஒரே நேரத்தில் ஆரம்பித்ததால் தினமும் ஒரே இடத்தில் அலை. சார் கரும்பலகையை அழிக்கக்கூட இல்லை, எழுந்து போய்விட்டார். முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அது உங்க மாலிக்யூல் இல்ல மேடம், என் கம்ப்ரஸரு."

ஒன்று வாங்கினால் ஒன்று

கதையின் முக்கியமான கட்டம் இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலைக் குறைக்க முடியாது என்று தெரிந்ததும், சிக்னலைக் கூட்டிவிடலாம் என்று சார் முடிவு செய்தார். லேசர் வரும் வழியில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் ஃபிலிமில் விழும் வெளிச்சம் கூடும், குறையும். நன்றாகக் கூட்டினோம். கோடு வெண்ணெய் போல வந்தது. அதில் ஒரு அதிசயம்: தட்டு வாங்கிய மூலக்கூறுகளில் பாதி, ஒரே பிகோ நொடிக்குள் காணாமல் போயின. எங்கே போகும்? ஒரு மூலக்கூறு தன் சக்தியைப் பக்கத்து மூலக்கூறோடு பாதிப்பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிறது என்று சார் சொன்னார். அப்படிப் பிரியும் சாயங்கள் உலகத்தில் சிலவே. நம்முடையது அதில் ஒன்று என்றால், ஒரு துளி வெளிச்சத்துக்கு இரண்டு பங்கு மின்சாரம் தரும் சூரியத் தகட்டை நோக்கி ஒரு படி வைத்த மாதிரி. ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, வெளிநாடு எல்லாம் அந்த ஒரு பிகோ நொடியில் அடங்கியிருந்தது.

வெளிச்சத்தைக் குறைத்தும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பார்த்தோம். குறைத்தால் கோடு முழுக்கக் கொசு மொய்த்த மாதிரி இரைச்சல். அதில் எந்தக் கதையை வேண்டுமானாலும் படிக்கலாம். நாங்கள் எங்கள் கதையையே படித்தோம். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்று சுரேந்திரா அந்தச் சக்கரத்தின் மேல் 'முட்டுகோவத்து' என்று தெலுங்கில் எழுதி ஒட்டினான்; தொடாதே என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, துணிக்கடை வாசலில் கூவுகிறவன் குரலில் சொன்னான்: "ஒகட்டி கொண்டே ஒகட்டி ஃப்ரீ, பாக்யா! ஊர் முழுக்க அதுக்குத்தான் க்யூவுல நிக்குது, நமக்கு லேப்லயே கிடைச்சிடுச்சு."

அண்ணன் கேட்ட கேள்வி

என் அண்ணன் ஏழுமலைக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் வேலை. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவு. எங்கள் வீட்டில் மாந்தோப்பையும் கூலி வேலையையும் விட்டு வெளியே போன முதல் ஆள் அவன், இரண்டாவது நான். என் நான்காவது வருடம், ஒரு வார விடுமுறையில் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தான். இன்-ஷர்ட் செய்து, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தான். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். பச்சைச் சாயப் படலத்தைக் காட்டினேன். மயில் கழுத்து மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான். அவனுடைய கம்பெனியில் ஒரு பாகத்துக்குப் பதினோரு நொடி. அதற்குள் எடுத்து, பார்த்து, வைத்துவிட வேண்டும். அந்தப் பெருமையை மனதில் வைத்துக்கொண்டு, உங்களுடையது எவ்வளவு நேரம் என்று கேட்டான்.

ஒரு பிகோ நொடியைப் பற்றி விளக்கினேன். பஸ்ஸில் கற்ற பாடத்தால் இந்தமுறை நிதானமாக, காகிதத்தில் சைபர்களை எழுதிக் காட்டி. பன்னிரண்டு சைபர். அவன் ஒவ்வொரு சைபராக விரல் வைத்து எண்ணினான். புரிந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "நொடிகூட ஆவாத விசயத்துக்கு ஏன் பாப்பா உனுக்கு நாலு வருசம் ஆவுது?"

சுரேந்திரா போன நாள்

அதே வருடம் சுரேந்திரா போய்விட்டான். ஆய்வுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. அவன் வகுப்பில் படித்தவர்கள் பாதிப் பேர் அதற்குள் அமெரிக்காவில் இருந்தார்கள், மீதிப் பேர் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியது அவனும் நானும்தான். போகிறேன் என்று சார் முகத்துக்கு நேராகச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. சார் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, சாவியையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் என்னிடம் கொடுத்தான்.

எனக்குக் கோபம். இத்தனை தூரம் வந்துவிட்டு, கட்டுரை எழுதுகிற நேரத்தில் விட்டுப் போகிறாயே, இதைவிட அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். சம்பளத்தைச் சொல்லுவான், ஒரு பிடி பிடிக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவன் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அங்கே தப்பு பண்ணா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடுமாம், பாக்யா."

நல்ல நாள்

ஐந்தாவது வருடம் எல்லாம் கூடி வந்தது. எங்கள் கட்டுரையை ஒரு நல்ல பத்திரிகை ஏற்றுக்கொண்டது. சின்னத் திருத்தங்கள் மட்டும் கேட்டிருந்தார்கள். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர், தன் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது, கட்டுரை வெளிவந்தவுடன் கிளம்பி வரலாம் என்று எழுதியிருந்தார். எங்கள் நைனா, என் அப்பா, அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரியாமலேயே ஊரில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். புத்தூர் போய் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். அந்த வெயிலில் அந்த ஊரில் ஸ்வெட்டர் விற்கிற கடையை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முனிரத்தினம் ஒரு காரியம் செய்தார். கம்ப்ரஸர் விஷயத்தில் அவருக்கு உள்ளூர ஒரு குற்ற உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக ஆபீசில் எழுதிக் கொடுத்து, நடையாய் நடந்து, எங்கள் அறைக்கு மட்டும் தனி லைனும் புது ஏசியும் வாங்கிவிட்டார். ஒரு வாரம் அவரே நின்று மாட்டினார். முதல்முறையாக எங்கள் அறை அசையாமல் இருபத்திரண்டில் நின்றது. இரைச்சல் காணாமல் போனது. காலையில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. இனி பயந்து பயந்து வெளிச்சத்தைக் கொட்ட வேண்டாம், குறைத்தே அழகாக அளக்கலாம், திருத்தத்தோடு அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பினால் கட்டுரை இன்னும் ஜொலிக்கும் என்று தோன்றியது. சந்தேகப்பட்டுச் செய்தேன் என்று சொன்னால் எனக்குப் பெருமைதான். ஆனால் அது பொய். சந்தோஷத்தில்தான் செய்தேன். சுரேந்திரா ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பிப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் வைத்தேன்.

பாதி மறையவில்லை. கால்வாசி மறையவில்லை. பிகோ நொடி வந்தது, போனது. கோடு அசையாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. நூறு பிகோ நொடியிலும் மூலக்கூறுகள் வாங்கிய சக்தியோடு அப்படியே உட்கார்ந்திருந்தன.

என்ன நடந்தது என்பதை ஷேர் ஆட்டோவை வைத்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரை ஏற்றினால் அவரவர் இறங்க வேண்டிய இடத்தில் நிம்மதியாக இறங்குவார்கள். பதினான்கு பேரை அடைத்தால் இடித்துக்கொண்டு சண்டை வந்து, இரண்டாவது நிறுத்தத்திலேயே பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். நாங்கள் மூன்று வருடம் பதினான்கு பேரை அடைத்து அடைத்துப் பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் ஆட்டோவில் ஏறினாலே உடனே இறங்கிவிடும் சுபாவம் உள்ளவர்கள் என்று கட்டுரை எழுதியிருக்கிறோம். மூலக்கூறுகள் எதையும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. அளவுக்கு மேல் வெளிச்சத்தைக் கொட்டியதால், அவை வாங்கிய சக்தித் துணுக்குகள் ஒன்றோடொன்று மோதி அழிந்திருக்கின்றன. பங்கு போட்டதற்கு அடையாளம் என்று கட்டுரைப் படத்தில் நாங்கள் அம்புக்குறி போட்டுக் காட்டிய சின்ன மேடு, ஃபிலிம் சூடானதால் வந்தது.

மூன்று நாள் மறுபடி மறுபடி பார்த்தேன். புது ஃபிலிம் பூசினேன். பழைய ஃபிலிம் எடுத்தேன். பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று. ஒவ்வொரு கோடும் முந்தினதைவிடச் சுத்தமாக, முந்தினதைவிட நேராக வந்தது. ஒரு மிஷினைப் பார்த்து இப்படி வயிறெரிந்து திட்ட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் திட்டியது அது சரியாக வேலை செய்ததற்காக. மூன்றாம் நாள் மத்தியானம் முனிரத்தினம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். புது ஏசியின் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப நல்லா வருதா மேடம்?"

சாரின் அறை

நான்கு வரைபடங்களை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். போவதற்கு முன்னால் ஒரு முழு நாள் போகாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நாளில் எனக்குத் தோன்றாத அயோக்கியத்தனம் இல்லை. அச்சாகிவிடட்டும், ஜெர்மனிக்குப் போய்விடலாம், வேறு யாராவது கண்டுபிடித்து எழுதட்டும், அதற்குள் பத்து வருடம் ஆகும். யாரும் நம்மைக் கேட்கவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா என்று பத்திரிகைக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. அதுதான் கஷ்டம்.

சார் நான்கு படங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வியும் நான் முந்தின நாள் கேட்டுக்கொண்டதுதான்: "ரெஃப்ரீ அடகலேது கதா?" மதிப்பீட்டாளர்கள் இதைக் கேட்கவில்லை, இல்லையா? ஆமாம் சார், கேட்கவில்லை என்றேன். வெளியே மாணவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன்: "கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம் சார்." அவர் மறுக்கவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பத்திரிகைக்கு நானே எழுதினேன், அவர் இரண்டு இடத்தில் வார்த்தையைத் திருத்தினார், கீழே தன் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். பழி முதலில் தன்மேல் விழட்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிந்தது.

நான் கிளம்பும்போது, அலமாரியின் மேல் தட்டிலிருந்து தன்னுடைய ஆய்வேட்டை இறக்கினார். இருபது வருடத்துக்கு முந்தையது. நீல அட்டை, பொன் எழுத்து. அதை வைத்துத்தான் அவர் இந்த வேலைக்கு வந்தார், இந்த ஆய்வுக்கூடத்தைக் கட்டினார், எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதுவும் சாய ஃபிலிம்தான், அதிலும் பாதி உடனே மறையும். அட்டையைத் திறக்காமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாங்களும் அந்தச் சக்கரத்தைத் தொடலை, பாக்யா."

ஸ்வெட்டர்

ஜெர்மனிக்கும் உண்மையை எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் நேர்மையை மிகவும் மதிக்கிறோம், அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில், நடுவில் ஒரு காற்புள்ளி மட்டும் வைத்து எழுதியிருந்தார்கள்.

ஊருக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். என்ன தப்பு, யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஷேர் ஆட்டோ கதையைச் சொல்லியிருப்பேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "துன்னியா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ஊரில் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருந்தாரோ, அத்தனை பேருக்கும் இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் பிரித்து, மறுபடி பழைய மடிப்பிலேயே மடித்தார். "போவட்டும் மா. மார்கழில திருமலைக்குப் போம்போது போட்டுக்கலாம், மேல நல்லாக் குளிரும்."

வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுதினேன். முன்பு இந்தச் சாயம் சக்தியைப் பங்கு போடுகிறது என்று இருந்தது. இப்போது, வெளிச்சம் அதிகமானால் இந்தச் சாயம் பங்கு போடுவதுபோல ஏமாற்றும், எப்படி ஏமாற்றும், அதில் எப்படி ஏமாறாமல் இருப்பது என்று ஆறு அத்தியாயம். ஏமாறுவதில் எனக்கு நல்ல அனுபவம் இருந்ததால் எழுதுவது கஷ்டமாக இல்லை.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். கண்டிப்பானவர். ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சார் கடைசி வரிசையில் உட்கார்ந்து குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பார்த்தால் வெற்றுக் காகிதத்தில் வெறும் கட்டங்கள். முனிரத்தினம் ஏசியைச் சரிபார்க்கும் சாக்கில் கதவோரம் நின்று கைதட்டினார். தேறிவிட்டேன். டீ குடிக்கும்போது அந்த அம்மையார் என் தோளைத் தட்டி, மனப்பூர்வமாகத்தான் பாராட்டினார்: "ரொம்ப உபயோகமான தீசிஸ்மா. இதை யாராவது ஆறு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருந்தா, நீ இதைப் பண்ணியிருக்கவே வேண்டாம்."

இப்போது நானும் ஸ்ரீ சிட்டியில்தான் இருக்கிறேன், கண்ணாடிப் பூச்சுகளைச் சோதிக்கும் ஒரு கம்பெனியில். ஐந்து வருடம் பாடுபட்டு நான் கண்டுபிடித்தது எல்லாம் நாங்கள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் என்றாலும், அதற்கும் டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.